குறிப்பறிதலும் பங்கேற்பும்: ஒரு வடிவமைப்பு முறை குறித்த திறனாய்வு

ஒரு கருவியைப் பயன்படுத்தப் போகிறவரையே அதன் ஆக்கத்தில் பங்கு கொள்ளச் செய்வது பங்கேற்பு வடிவமைப்பு எனப்படும். ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு இணைந்து 1981 முதல் 1985 வரை நடைபெற்ற 'யுடோப்பியா' திட்டம் இதற்கு முன்னோடி. கணினி வந்தபின் தொழிலாளியின் கைத்திறன் என்னாகும் என்பதே அங்கு வினா. தனிமை, உறவு, மதிப்பு முதலான உணர்வுத் தேவைகளுக்கும் இம்முறை பொருந்துமா என்பதை ஆராய, பில் கேவர், டோனி டன், எலேனா பாசென்டி ஆகியோர் 1999இல் வெளியிட்ட கட்டுரை தக்க சான்றாகும்.

ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், பீசாவை அடுத்த பெச்சோலி ஆகிய மூன்று இடங்களின் முதியோரிடம் அவர்கள் வினாநிரல் எதனையும் நீட்டவில்லை. அஞ்சலட்டை, நிலப்படம், ஒருமுறைப் படக்கருவி, படத்தொகுப்பேடு அடங்கிய பொதிகளைத் தந்தனர். மனிதரைச் சந்திக்க எங்கே செல்வீர், தனித்திருக்க எங்கே, பகற்கனவு காண எங்கே என நிலப்படத்தில் ஒட்டுத்தாளால் குறிக்கச் சொன்னார்கள். இன்று நீங்கள் உடுத்தப் போவதைப் படம் எடுங்கள் என்றது கருவியின் பின்புறம். இப்பொதிகளைப் 'பண்பாட்டுத் தூண்டிகள்' எனலாம் (தூண்டில் என்றாலும் பெரிதும் தவறில்லை). தனிமை பற்றி நேரே கேட்டால் முதியவர் மழுப்பக்கூடும். பகற்கனவுக்குரிய இடத்தைக் காட்டுவதில் அத்தடை இல்லை. முதியோரை இரங்கத்தக்கோராகக் கருதாமல் வாழ்நாள் பட்டறிவு உடையோராக அணுகியதே இம்முயற்சியின் தலையாய சிறப்பு.

எனினும் இதனைப் பங்கேற்பு என ஏற்பதில் இடர்ப்பாடு உண்டு. அகமரபில் தோழியும் குறிப்பால் உணர்பவளே. தலைவியின் மெலிவையும் சொல்லின் திரிபையும் கண்டு அவள் உய்த்துணர்கிறாள். ஆயினும் அவ்வுணர்வு ஊகமாகவே நின்றுவிடுவதில்லை. தலைவி தோழியிடம் அறத்தொடு நின்ற பின்னரே தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்பாள். குறிப்புக்கு உரியவளின் வாய்மொழி இடையே வந்தாக வேண்டும். தூண்டி முறையிலோ திரும்பி வந்த அட்டைகளுக்குப் பொருள் காண்பவர் வடிவமைப்பாளர் மட்டுமே. ஆஸ்லோவில் முதியோர் நூலகத்திலிருந்து ஊராரிடம் வினா எழுப்பும் உரையாடல், பெச்சோலியில் வானொலி ஒலிப்பரப்பு என இடத்திற்கேற்ற முன்வரைவுகள் எழுந்தன. அவை அழகியவை, ஆனால் அவற்றைக் கருக்கொண்டவர் முதியோர் அல்லர். 2004இல் கேவரும் உடனாய்வாளரும் இத்தெளிவின்மையையே முறையின் மதிப்பாகப் போற்றி, பதில்களைப் பகுத்து முடிவு காண்பதை மறுத்தனர். கலைஞனுக்கு அது பொருந்தும். தனிமையில் வாடும் ஒருவர்க்குத் தம் குறிப்பு பிழைபட உணரப்பட்டது என மறுக்கும் உரிமையும் வேண்டும். யுடோப்பியா தொழிலாளர்க்குச் சங்கத்தின் வழி இருந்த அவ்வுரிமை இங்கே முறையின் உறுப்பாக அமையவில்லை.