கணக்குக் கேட்டலும் கட்சிப் பற்றும்: இணையவழிக் கொள்கைக் காவல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுக் கட்சி அரசியலில் இணையச் செயற்பாட்டாளர்கள் கொள்கை ஒருமையைக் காக்கும் முறையை, திராவிட இயக்க இதழ் மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கொள்கையின் பெயரால் இன்று காக்கப்படுவது பெரும்பாலும் அந்தந்த நேரத்து நிலைப்பாட்டின் மீதான பற்றுறுதியே. அக்காவலைத் தலைமையைவிட உடன் தொண்டர்களே மிகுதியாகச் செய்கின்றனர் என்பது இதன் வாதம்.

முதன்மைச் சொற்கள்: கட்சி ஒழுங்கு, மாற்றுக்கருத்து, தகவல் தொழில்நுட்ப அணி, திராவிட இதழியல், குடவோலை

கல்லில் நின்ற கணக்கு

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிற்சுவரில் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அங்குப் பணியாற்றிய மருத்துவர், அறுவை செய்வோர், செவிலியர் ஆகியோருக்குரிய நெல், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள், கல்விச்சாலையின் செலவு என அது வரவு செலவை வரிவரியாகச் சொல்கிறது. அருகேயுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் பாடநூல் வழியாக அனைவரும் அறிந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுக்குரியர் அல்லர் என்பது அவற்றுள் ஒன்று.

இக்கல்வெட்டைத் தமிழர் மக்களாட்சியின் சான்றாக மேடையில் போற்றுவோர் ஒன்றைப் பேசுவதில்லை. அவ்விதிகள் வேட்பாளரின் நிலம், வீடு, அகவை, வேதக் கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றை வினவின, கருத்தை வினவவில்லை. அது சபையின் பெருந்தன்மையால் நேர்ந்ததன்று. அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை; கருத்தொற்றுமையைப் பிறப்பே உறுதி செய்துவிட்ட இடத்தில் அதைத் தனியே சோதிக்க வேண்டியதில்லை. பிறப்பை அளவுகோலாக ஏற்காத நவீனக் கட்சிக்குத்தான் ‘நம்மவர் யார்’ என்ற வினா ஓயாமல் எழுகிறது. இணையத்தில் நிகழும் கொள்கைச் சோதனையின் வேர் இங்கே உள்ளது.

கடிதத்தின் மொழி

காஞ்சிபுரத்திலிருந்து 1942 முதல் வெளிவந்த ‘திராவிட நாடு’ இதழ் இவ்வினாவைக் கையாண்ட விதம் கருதத்தக்கது. 1947 ஆகஸ்டு 15-ஐத் துக்க நாள் எனப் பெரியார் அறிவித்தபோது, அது மகிழ்ச்சிக்குரிய நாளே என்று அண்ணா தம் இதழில் எழுதினார். இயக்கத் தலைவரின் அறிவிப்புக்கு எதிராக இயக்கத்துள் இருந்துகொண்டே, தம் பெயரில், காரணங்களை அடுக்கி எழுதப்பட்ட மறுப்பு அது. அதன் பின்னும் இரண்டாண்டுகள் இருவரும் ஒரே கழகத்தில் இருந்தனர். பிரிவு 1949-இல் வேறொரு காரணத்தை முன்னிட்டு வந்தது. உறவு கசந்திருந்தது என்பது உண்மையே. எனினும் வார இதழின் கால இடைவெளி வாதத்துக்கு இடமளித்தது. மறுப்பை முழுதாகப் படித்த பின்னரே வாசகர் பக்கம் தேர்ந்தார்.

அண்ணாவின் ‘தம்பிக்கு’க் கடிதங்களும், ‘முரசொலி’யில் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய ‘உடன்பிறப்பே’ கடிதங்களும் கட்சி ஒழுங்கை உறவுமொழியாக்கின. இம்மொழிக்கு இரு முகங்கள் உண்டு. விளக்கம் பெறும் உரிமையுள்ளவன் தம்பி. ஆதலால் அண்ணன் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அதே வேளையில், அண்ணனை மறுத்துப் பேசும் தம்பி கருத்து மாறியவனாக அன்றிக் குடும்பத்தை விட்டு விலகியவனாகவே காணப்படுகிறான்.

ஈ.வெ.கி. சம்பத் அவ்வாறே காணப்பட்டார். திராவிட நாடு கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது என வாதிட்ட அவர் 1961-இல் தி.மு.க.வை விட்டு வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1963-இல் பிரிவினைக்கு எதிரான பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தபின் கழகமும் அக்கோரிக்கையைக் கைவிட்டது. விலகியவர் சொன்னது இரண்டே ஆண்டுகளில் கட்சியின் நிலைப்பாடாயிற்று. இதனால் அவர் மீண்டும் நம்மவர் ஆகிவிடவில்லை. கொள்கை ஒருமை என்று கூறப்படுவது கொள்கையின் உள்ளடக்கத்தைப் பற்றியதாக இருந்தால், 1963-க்குப் பின் சம்பத்துக்கு மதிப்பு உயர்ந்திருக்க வேண்டும். அது நிகழாமையே இங்குக் கவனத்திற்குரியது.

திருக்கழுக்குன்றமும் பச்சைக்குத்தும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில் 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். பேசிய பேச்சு, கட்சிப் பொறுப்பாளர்கள் தம் சொத்துக்கணக்கைக் காட்ட வேண்டும் என்பது. சில நாள்களில் அவர் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்திரமேரூர் இருந்த அதே மாவட்டத்தில், கணக்குக் கேட்டவர் விலக்கப்படக் காரணமான பேச்சு நிகழ்ந்தது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்ட வேண்டியதில்லை, எம்.ஜி.ஆரின் கேள்வியில் அதிகாரப் போட்டியும் கலந்திருந்தது. அவர் தொடங்கிய அ.தி.மு.க.விலும் மாற்றுக்கருத்துக்குக் கிடைத்த இடம் பெரிதன்று. தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார். அதை எதிர்த்த கோவைச் செழியன் முதலானோர் நீக்கப்பட்டனர். இன்று சமூக ஊடகக் கணக்கின் பெயரருகே இடப்படும் வண்ண வட்டங்களும் கொடிச் சின்னங்களும் பச்சைக்குத்தின் வழிவந்தவையே. ஒரு வேறுபாடு உண்டு: பச்சை அழியாது, சின்னத்தை ஒரு நொடியில் எடுத்துவிடலாம். எளிதில் எடுக்கக்கூடிய அடையாளம் என்பதாலேயே அதை அணிந்திருப்பதற்கான சான்றை நாள்தோறும் காட்ட வேண்டியுள்ளது.

காவலர் இடம் மாறியமை

1911-இல் இராபர்ட் மிகெல்ஸ் கட்சிகளை ஆராய்ந்தபோது, அதிகாரம் மேலே உள்ள சிலரிடம் குவிவதையே சிக்கலாகக் கண்டார். இணையத்தில் காவற்பணியின் பெரும்பகுதி கீழே இறங்கிவிட்டது. கட்சிகள் தகவல் தொழில்நுட்ப அணிகளை அமைத்தபின் பரப்புரைக்கு ஒழுங்கு வந்தது உண்மையே. ஆனால் மாற்றுக்கருத்தைத் தேடிப்பிடிப்பவர்களுள் பலர் எந்தப் பொறுப்பும் இல்லாதவர்கள். தலைமைக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கு விளக்கக் கடிதம், பொதுக்குழு முதலிய படிகள் உண்டு. உடன் தொண்டனுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். ஐந்தாண்டுகளுக்கு முந்தைய பதிவு, அது எழுந்த சூழல் வெட்டப்பட்டு, இன்றைய குற்றச்சாட்டாக வைக்கப்படுகிறது.

இதற்கெனச் சொற்களும் பிறந்துள்ளன. உள்ளிருந்து குறை சொல்பவர் ‘சங்கி’ அல்லது ‘பீ டீம்’. அதே கட்சியை ஆதரிப்பவர் எதிர்முகாமில் ‘இருநூறு ரூபாய் உ.பி.’. ‘உடன்பிறப்பு’ என்ற சொல் ‘உ.பி.’ எனச் சுருங்கி வசையானது தமிழ் அரசியல் சொல்வரலாற்றில் தனியே ஆராயத்தக்கது. எல்லா முகாம்களின் வசைகளுக்கும் பொதுவான எடுகோள் ஒன்றே: பேசுபவர் தம் அறிவால் பேசவில்லை, யாரோ ஒருவருக்காகப் பேசுகிறார். இவ்வெடுகோளை ஏற்றபின் வாதத்துக்கு மறுமொழி தேவைப்படாது. சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற அச்சத்தால் மக்கள் தம் கருத்தை அடக்கிக்கொள்வதை எலிசபெத் நோயல்-நாய்மன் 1974-இல் ‘மௌனச் சுழல்’ என விளக்கினார். இங்கே அச்சம் பொதுச் சமூகத்தைப் பற்றியதன்று. தம்மோடு கூட்டங்களுக்கு வந்த நண்பர்களைப் பற்றியது. ஆகவே அது கூர்மையானது.

இக்காவலுக்கு ஆதரவான வலுவான வாதம் ஒன்றுண்டு. ஒன்றிய அதிகாரமும் பெரும் பணமும் எதிரே நிற்கும்போது உட்குறைகளைப் பொதுவெளியில் பேசுவது எதிரிக்கு ஆயுதம் தருவதாகும் என்பது அது. இதைப் பொய் எனத் தள்ள இயலாது. பொய்ச்செய்திகளை உடனுக்குடன் மறுப்பதில் இச்செயற்பாட்டாளர்கள் செய்த பணி பெரிது. பெரியாரையும் அம்பேத்கரையும் ஒரு புதிய தலைமுறை வாசிக்க அவர்களும் காரணம். ஆயினும் 1947-இல் ஆட்சிக்கு வெளியே, எங்கும் பரந்த காங்கிரசுக்கு எதிரே நின்ற இயக்கத்துக்கு முற்றுகை இன்றைவிடக் குறைவாக இருந்ததெனச் சொல்ல முடியாது. அக்காலத்தில் மாற்றுக்கருத்து அச்சேறியது.

மூன்று நாள்கள்

ஏப்ரல் 21, 2023, வெள்ளிக்கிழமை, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்த முன்வடிவு பேரவையில் நிறைவேறியது. வேலை நேர வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியதால் அது ‘பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டம்’ எனப் பெயர்பெற்றது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. திங்கட்கிழமை, ஏப்ரல் 24 அன்று, அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளில் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே நாளை ஊதியத்தோடு கூடிய விடுமுறையாக்கிய பெருமை 1969-இலிருந்து அக்கட்சியினுடையது.

வெள்ளியன்று ‘நெகிழ்வான வேலைநேரம்’ என விளக்கி எழுதியவர், திங்களன்று ‘மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த அரசு’ என எழுத வேண்டியவரானார். இரண்டும் மனமறிந்த பொய் என்பதற்கில்லை. ஒவ்வொன்றும் அன்றைய நிலைப்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை எதிர்த்து எழுதிய கட்சி ஆதரவாளரே, அவ்வியக்கத்தின் தொழிலாளர் சார்புக் கொள்கையின்படி பார்த்தால், வழுவாது நின்றவர். கொள்கைக் காவல் கொள்கையைக் காப்பதாயின், குறி வைக்கப்பட்டிருக்க வேண்டியவர் விளக்கி எழுதியவரே.

இதே மாவட்டத்துச் சுங்குவார்ச்சத்திரத்தில் 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சாம்சங் தொழிலாளர்கள் தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, போராட்டத்தை நடத்திய சி.ஐ.டி.யு. ஆளுங்கட்சியின் கூட்டணியைச் சார்ந்த தொழிற்சங்கமாகவே இருந்தது. அங்கும் வினா மீண்டும் எழுந்தது: முதலீடு போய்விடும் என்று அஞ்சியவர் நம்மவரா, சங்கம் கேட்டவர் நம்மவரா? சங்கத்துக்கான பதிவு 2025 சனவரியில் கிடைத்தது.