கூரையில் பூத்த குளம்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் போனால் சித்தன்னவாசல். வெயில் ஏறுமுன் மலையேறிவிட வேண்டும். பிறகு பாறை காலைச் சுடும். உச்சிக்கு அருகே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. சமணத் துறவிகள் படுத்த 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. தலையணைபோல ஒரு பக்கம் உயர்த்திச் செதுக்கி, வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள். ஒன்றின் அருகே தமிழ் பிராமி எழுத்துகள். அந்தக் கல்லின் குளிர்ச்சியில் மனம் தானாக அடங்குகிறது.

இறங்கி மேற்குச் சரிவுக்கு வந்தால் அறிவர் கோயில். குடைவரை மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே தாமரைக்குளம்! மொட்டும் மலருமாகத் தாமரைகள், இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வண்ணங்கள் இவை. பறித்த பூவைத் தாங்கும் விரல்களில்தான் என்ன நளினம்! தூண்களில் ஆடும் பெண்களின் கைவீச்சிலும் அதே நளினம்.

வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பதே பெரும் செல்வம். போகிறவர்கள் சுவரைத் தொடாதீர்கள்; பத்து நிமிடம் அமைதியாக அண்ணாந்து பாருங்கள். அது போதும்.