லைக்குக்குக் காசு கொடுத்தால் கூட்டம் சேருமா?

எழுதுகிறவருக்குக் காசு நேராகப் போகும், நடுவில் கமிஷன் பிடிக்கக் கம்பெனி இருக்காது, யாருடைய கணக்கையும் யாரும் முடக்க முடியாது. மையமற்ற சமூக வலைத்தளம் கட்டக் கிளம்புகிறவர்கள் பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். இந்தப் பேச்சுக்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பணம் கைமாறும் வசதி தளத்துக்குள்ளேயே இருப்பது படைப்பாளிக்கு நல்லது என்பது ஒன்று. அந்த வசதியே ஆட்களை இழுத்துவந்து தளத்தை வளர்த்துவிடும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம். இரண்டாவதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்டீம், நாஸ்டர் என்ற இரண்டு முயற்சிகளின் வரலாறு போதும்.

ஸ்டீம் பிளாக்செயினை நெட் ஸ்காட்டும் டான் லாரிமரும் 2016 மார்ச்சில் தொடங்கினார்கள். அதன் மேல் எழுந்த தளம் ஸ்டீமிட். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று முதல் பட்டுவாடா நடந்தது. பதிவின் அடியில் லைக் எண்ணிக்கைக்குப் பதிலாக டாலர் கணக்கு தெரிந்தது. ஸ்டீம் காசின் விலை அந்த மாதமே 4 டாலரைத் தாண்டியது. எழுத வந்தவர்கள் குவிந்தார்கள். வளர்ச்சி என்றால் இதுதான் என்று அன்று நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த டாலர் எங்கிருந்து வந்தது? விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது. அமைப்பே புதிய காசை அச்சடித்துப் பங்கிட்டது. 2016 இறுதியில் வகுத்த விதிப்படி, ஆண்டுக்கு 9.5 சதவீதம் புதுக்காசு உருவாகி அந்த விகிதம் மெல்லக் குறைந்துவரும். உருவாகும் காசில் முக்கால் பங்கு எழுதுகிறவர்களுக்கும் வாக்களிக்கிறவர்களுக்கும். வாசகர் தன் பையிலிருந்து ஒரு பைசாவும் எடுக்க வேண்டாம் என்று இதைப் பெருமையாகவே சொன்னார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. கிடைத்த காசை எழுத்தாளர் சந்தையில் விற்றால்தான் அது பணம். விற்க வேண்டுமென்றால் யாரோ வாங்க வேண்டும். படிக்க மட்டும் வருகிறவருக்கு அதை வாங்க என்ன தேவை? விலை ஏறும் என்று நம்புகிறவர், காசைப் பூட்டி வைத்துப் பெறும் வாக்குப் பலம் வேண்டுகிறவர் என்ற இரண்டே வகையினர்தான் வாங்கினார்கள். விலை சரிந்ததும் எல்லாம் சேர்ந்து சரிந்தது. 2018 நவம்பரில் ஸ்டீமிட் நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 70 சதவீதம் பேரை வீட்டுக்கு அனுப்பியது.

பங்கிடும் முறை இதைவிட மோசம். தொடக்கத்தில் ஒரு பதிவின் பரிசு, அதற்கு விழுந்த வாக்குப் பலத்தின் இருமடிக்கு ஏற்ப அமைந்தது. அதாவது, ஒருவரைவிட ஆயிரம் மடங்கு காசு பூட்டி வைத்திருப்பவர் தனியாகப் போடும் ஒரு வாக்கு, அந்த ஒருவரின் வாக்கைப்போலப் பத்து லட்சம் மடங்கு பரிசைத் தரும். ‘திமிங்கலம்’ என்று அவர்கள் அழைத்த பெருந்தனக்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், ஆயிரம் வாசகர் தேவையில்லை. 2017 ஜூனில் இந்த இருமடியை நீக்கி நேர்விகிதமாக்கினார்கள். அப்போது வேறொரு வியாபாரம் செழித்தது. காசு கட்டினால் வாக்குப் போடும் தானியங்கி நிரல்கள் வந்தன. காசு வைத்திருந்தவர்கள் தங்கள் வாக்குப் பலத்தை அந்த நிரல்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். எழுதுகிறவர் கட்டணம் கட்டிப் பரிசு வாங்கி, மிச்சம் தேறுகிறதா என்று கணக்குப் பார்த்தார். இந்தச் சுழற்சியில் பதிவை யாரும் படிக்கவே வேண்டியதில்லை.

பலரும் பேசாத இன்னொரு விதி உண்டு. பதிவு வெளியாகி 7 நாள் வரைதான் வருமானம்; எட்டாம் நாள் முதல் எத்தனை பேர் தேடிவந்து படித்தாலும் காசு வராது. இரண்டு மாதம் உழைத்து எழுதிய கட்டுரைக்கும் காலைக் காப்பியின் புகைப்படத்துக்கும் ஒரே ஆயுள். அப்படியானால் யார் எதை எழுதுவார்கள்? தினமும் ஒன்று, சுருக்கமாக, திமிங்கலத்துக்குப் பிடித்தபடி.

நியாயமாக எடை போட்டால், ஸ்டீமின் தட்டில் வைக்க ஒன்று இருக்கிறது. நாணய மதிப்பு நொறுங்கிய வெனிசுவேலாவிலிருந்து நிறைய பேர் இதில் எழுதினார்கள். வாரத்துக்குச் சில டாலர் என்பதே அங்கே பெரிய தொகை. அந்த உதவி உண்மையானது, ஏளனத்துக்குரியதல்ல. ஆனால் அதுவும் என் ஐயத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது. பணம் ஆளைக் கூட்டி வந்தது, எழுதச் சம்பளம் தேடியவர்களை. வாசிக்க ஆள் தேடிவரவில்லை.

மையமற்றது என்ற உரிமைகோரல் 2020இல் அம்பலப்பட்டது. பிப்ரவரியில் டிரான் என்ற வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தொடக்க நாட்களில் நிறுவனம் தனக்கென்று எடுத்துவைத்த பெரும் காசுக்குவியலும் அவர் கைக்குப் போனது. பிளாக்செயின் சங்கிலியை நடத்துகிற 20 ‘விட்னஸ்’களைத் தேர்ந்தெடுப்பது காசின் எடை. எனவே பழைய விட்னஸ்கள் பதறிப்போய் அந்தக் குவியலை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய கிரிப்டோ சந்தைகள் வாடிக்கையாளர்கள் வைப்பிலிட்டிருந்த காசைக் கொண்டே வாக்களித்துச் சன்னின் ஆட்களை உட்கார வைத்தன. சமூகத்தில் பெரும்பகுதி மார்ச் 20 அன்று ஹைவ் என்ற புதிய சங்கிலிக்குப் பிரிந்தது. அங்கே சன்னின் பங்கு விலக்கப்பட்டது. மே மாதம் ஸ்டீம் தரப்பு, பிரிந்துபோனவர்கள் சிலரின் கணக்கிலிருந்து 2 கோடியே 36 லட்சம் காசைப் பறித்தது. இரு தரப்பும் மாறிமாறி அடுத்தவர் பையில் கை வைத்தன. பணமும் வாக்கும் ஒரே பொருளாக இருந்தால், தளத்தை வாங்க முடியும். ஒருவர் வாங்கினார், அவ்வளவுதான்.

(2023 ஆகஸ்ட்டில் கிளம்பிய ஃபிரெண்ட்.டெக்கைப் பற்றி ஒரு வரி போதும். பிரபலங்களின் ‘சாவி’யை வாங்கி விற்கும் தளம், அடுத்தவர் கூடுதல் விலைக்கு வாங்கும்வரை சுறுசுறுப்பு, வாங்க ஆளில்லாதபோது வெறிச்சோடல். 2024 செப்டம்பரில் அதை உருவாக்கியவர்களே கட்டுப்பாட்டை உதறிவிட்டார்கள்.)

நாஸ்டர் இவற்றிலிருந்து ஒரு படி மேல் என்பது என் கணிப்பு. ஃபியாட்ஜாஃப் என்ற புனைபெயரில் இயங்கும் நிரலாளர் 2020இல் வகுத்த எளிய நெறிமுறை அது. டிவிட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி 2022 இறுதியில் அதற்கு 14 பிட்காயின் கொடுத்தார். அதற்கென்று சொந்தக் காசு கிடையாது. ஆகவே அச்சடிக்கவும் ஒன்றுமில்லை. ஒவ்வொருவரின் கணக்கும் ஒரு ஜோடி மறையாக்கச் சாவி. பதிவுகள் ‘ரிலே’ என்ற பல சர்வர்களில் கிடக்கும். ‘ஸாப்’ என்ற மின்னல் குறியை அழுத்தினால், வாசகரின் வாலட்டிலிருந்து எழுதியவரின் வாலட்டுக்கு பிட்காயினின் லைட்னிங் வலையமைப்பு வழியாகச் சில சட்டோஷிகள் (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) போகும். பணம் படித்தவரின் பையிலிருந்து வருகிறது, ஏழு நாள் கெடு இல்லை, திமிங்கலத்துக்கு அமைப்பில் தனி எடை இல்லை. ஸ்டீமின் மூன்று நோய்களுக்கும் இது பதில்.

ஆனால் குறியை அழுத்தியபின் நடப்பதைக் கவனியுங்கள். செயலி, பெறுகிறவரின் வாலட் சர்வரிடம் ஒரு பில் கேட்கிறது. பில் வந்ததும் வாசகரின் வாலட் அதைக் கட்டுகிறது. கட்டியாயிற்று என்ற ரசீதை வெளியிடுவது பெறுகிறவரின் அதே வாலட் சர்வர். ரசீது பணம் கட்டியதற்குச் சான்றாகாது என்று நெறிமுறை ஆவணமே ஒப்புக்கொள்கிறது. எனவே பதிவின் அடியில் மின்னும் தொகையை வைத்து எழுத்தின் தரத்தை அளப்பது ஆபத்து. அந்த வாலட்டுகளில் பலவற்றையும் நடத்துவது ஏதோ ஒரு நிறுவனம். அவற்றில் ஒன்றான வாலட் ஆஃப் சட்டோஷி 2023 நவம்பரில் அமெரிக்க ஆப் ஸ்டோர்களிலிருந்து விலகியபோது அங்கிருந்தவர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. அதே ஆண்டு ஜூனில், நாஸ்டருக்கான டாமஸ் செயலியில் பதிவுக்குக் கீழே ஸாப் பொத்தான் இருக்கக் கூடாது, உள்ளடக்கத்துக்குக் காசு என்றால் எங்கள் கட்டண வழியில்தான் என்று ஆப்பிள் நெருக்கியது. டாமஸ் பணிந்து பொத்தானைச் சுயவிவரப் பக்கத்துக்கு நகர்த்தியது. ரிலே எத்தனை இருந்தாலும், ஐபோனுக்குள் நுழையும் வாசல் அன்று ஒன்றுதான்.

தொகையையும் பார்ப்போம். 21 சட்டோஷி அங்கே வழக்கமான அன்பளிப்பு. 2023 நடுவில் ஒரு பிட்காயின் 30,000 டாலர் அளவில் இருந்தது. அந்தக் கணக்கில் அது அரை ரூபாய். ஆயிரம் பேர் கொடுத்தால் ஐந்நூறு ரூபாய். கொடுப்பவர்கள் யார்? பெரும்பாலும் பிட்காயினை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், வாங்குபவர்களும் அவர்களே. பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்து போல இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. மொய்விருந்திலாவது வயலிலும் கடையிலும் சம்பாதித்த பணம் சுற்றுகிறது, வட்டமும் ஊர் ஊராக விரிகிறது. நாஸ்டரின் வட்டம் பிட்காயின் ஆர்வலர்களைத் தாண்டவே திணறுகிறது. சமையல் குறிப்புக்கோ கிரிக்கெட் அரட்டைக்கோ வருகிறவர் முதலில் வாலட் அமைத்து, அதில் பிட்காயின் நிரப்பி, தொலைத்தால் மீட்கவே முடியாத ஒரு சாவியைப் பத்திரப்படுத்தவும் வேண்டும். இந்தியாவில் இருப்பவருக்குக் கிரிப்டோ லாபத்தின் மேல் 30 சதவீத வரியும் சேரும். இங்கே யூடியூப் நேரலையின் மூலையில் யுபிஐ க்யூஆர் கோடு ஒட்டிவைத்துப் பத்து ரூபாய் வாங்குகிறவருக்கு, பணம் தளத்துக்குள் கட்டப்படாதது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அவருக்குப் பார்வையாளர்கள் முன்பே வந்துவிட்டார்கள்.

என் தீர்ப்பு இது. ஸ்டீம் தோற்றது கெட்ட நேரத்தால் அல்ல. வாசகரை விலக்கிவைத்துப் பங்கிட்ட அதன் விதிகளால். ஹைவாகப் பிரிந்து பிழைத்திருப்பதால் அந்த மதிப்பெண் மாறாது. நாஸ்டரின் ஸாப் கருவியாகத் தேறுகிறது, வளர்ச்சி உத்தியாகத் தேறவில்லை. உள்ளே இருக்கிற எழுத்தாளர் ஓடிப்போகாமல் பிடித்துவைக்க அது உதவலாம். வெளியே இருக்கிற வாசகரை அழைத்துவர அதனிடம் எதுவும் இல்லை. இனி இப்படியொரு தளம் கட்டுகிறவர்கள் எத்தனை சட்டோஷி கைமாறியது என்ற பலகையைக் காட்டினால், நான் வேறொரு எண்ணைக் கேட்பேன். எதையும் எழுதாமல், எந்தக் காசும் பெறாமல், படிப்பதற்காக மட்டும் மறுமாதமும் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்?