கவுன்சிலிங் என்றால் சீட்டு

திருவண்ணாமலைப் பக்கம் கலசப்பாக்கத்தில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு யாரிடமாவது ‘கவுன்சிலிங் போனீங்களா?’ என்று கேட்டால், ‘போனோம், பி.காம். கெடைக்கல, தமிழ் எடுத்துக்கச் சொன்னாங்க’ என்றுதான் பதில் வரும். 1997-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் இடங்களை ஒற்றைச் சாளர முறையில் நிரப்பத் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்: சீட்டு. மனம் நொந்த பையன் உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கும் அதே பெயர்தான் என்றால் சிரிப்பார்கள்.

இலங்கைத் தமிழில் அதற்குத் தனிச்சொல் உண்டு. உளவளத்துணை என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சீர்மியம் என்றும் சொல்வார்கள். போரில் நொந்த மக்களோடு மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சாந்திகம் போன்ற அமைப்புகளும் வேலை செய்த காலத்தில் அங்கே ஊன்றிய சொற்கள். பிரதேச செயலகத்தில் ‘உளவளத்துணை உத்தியோகத்தர்’ என்றே ஒரு பதவி இருக்கிறது. நம் தாலுகா ஆபீசில் பட்டா மாறுதலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மேசையை நினைத்துப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கிறது.

ஆனால் இலங்கையின் பல்கலைக்கழகத்துக்குள் போனால் அங்கேயும் சிக்கல்தான். விரிவுரையாளர்களையே ‘மாணவ ஆலோசகர்’களாக நியமிப்பார்கள், அவர்களுக்கு மேலே சிரேஷ்ட மாணவ ஆலோசகர். தொழில்முறை உளவளத்துணையாளர்களும் சில இடங்களில் இருக்கிறார்கள். ஆனால் மாணவன் கண்ணில் படுகிற ஆலோசகர் பகிடிவதை என்கிற ராகிங் விசாரணையிலும், விடுதிச் சண்டையிலும், போராட்டம் நடக்கிற வாசலிலும் நிற்பவர். பேராதனைப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் 1997-இல் பகிடிவதைக்குப் பலியானார். அடுத்த ஆண்டே, 1998-இல், பகிடிவதையைத் தடைசெய்யும் 20-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காலையில் உன்னை விசாரிக்கிறவரிடம் மாலையில் போய் அழ முடியுமா?

நம் கதையும் ஏறக்குறைய அப்படியே. வரப்பிரகாஷ் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1996-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்துக்குப் பிறகு கமிட்டி, போர்டு, உறுதிமொழிப் படிவம் எல்லாம் வந்தன. பேசினால் கேட்கும் ஆள்தான் வரவில்லை. அந்த இடத்தை நிரப்பியது கல்லூரி ஆசிரியர் எழுதும் ‘மென்டார்’ நோட்டு.

அந்த நோட்டை நான் வருஷக்கணக்கில் எழுதியவன். நீளவாக்கு நோட்டு, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. பெயர், தந்தை தொழில், பிரச்சினை, தீர்வு. தொழில் கட்டத்தில் நெசவு, நெசவு, கூலி, நெசவு. பிரச்சினைக் கட்டத்தில் மேலே ஓர் ‘இல்லை’, அதற்குக் கீழே பக்கம் முழுக்க மேற்படிக்குறி. கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில் மூன்று வருஷத்தையும் எழுதி முடித்ததுண்டு. நானும்தான் எழுதினேன்.

அப்படி ‘இல்லை’ போட்ட ஒரு பையனுக்கு ஆரணிப் பக்கம் வீடு. முகூர்த்த மாதம் வந்தால் அவன் வருகைப்பதிவு சரியும். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வீட்டில் ஆள் வேண்டும். சேலைக்கு முன்பணம் வாங்கியாயிற்று. கல்லூரிக்கு வந்தால் அப்பாவுக்குத் துரோகம், தறியில் உட்கார்ந்தால் தனக்கே துரோகம் என்று அவன் தூங்காமல் கிடந்ததை, இன்டர்னல் மார்க் போடுகிற என்னிடம் எப்படிச் சொல்வான்?

இலங்கை மாணவன் பெரும்பாலும் ஊரை விட்டு வந்து விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கிப் படிப்பவன். மாலை ஆறு மணிக்கும் ஆலோசனை அறை திறந்திருந்தால் போகலாம். போகிற இடத்தில் தன் மொழி பேசுகிறவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்; பேராதனையில் தமிழ்ப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்தில் சிங்களப் பிள்ளைக்கும் அது சின்ன விஷயமில்லை. நம்மவன் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவன். கடைசி மணி அடித்தால் அவன் ஓடுவது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு. இங்கே அறை கட்டினால் மட்டும் போதாது. பாட நேரத்தில் ஒரு பீரியடை அதற்கு ஒதுக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், சுக்தேப் சாகா வழக்கில், நூறு பேரும் அதற்கு மேலும் படிக்கிற கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்றது. நூறு பேர் நம் பக்கத்து அரசுக் கல்லூரியில் ஒரு துறையிலேயே இருப்பார்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு மாணவர் மனநலத்துக்காகத் தொடங்கிய ‘மனம்’ மன்றங்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆரம்பித்தன. கலைக் கல்லூரிக்காரன் வழக்கம்போல வரிசையில் பின்னால். ஆள் வந்து சேரும்வரை அவன் கையில் இருப்பது 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண், இலங்கையில் 1926.

அந்த ஆரணிப் பையனிடம் எண்ணைக் கொடுத்து, ‘வீட்டிலிருந்தே பேசு’ என்றேன். ‘ஒரே ரூம் சார்’ என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்பா தறியில இருக்கும்போது பேசிக்கிறேன். அந்தச் சத்தத்துல கேக்காது’ என்றான்.