மிக்கி மௌஸ்: எலியும் கையொப்பமும்

மிக்கி மௌஸ் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ்சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள் நம்மிடையே உளர். அமெரிக்க முதலாளித்துவம் உலகச் சிறுவர்க்கு ஊட்டும் இனிப்பு நஞ்சு என்பது அவர்தம் தீர்ப்பு. 1971 இல் சிலி நாட்டில் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மட்டெலாரும் டிஸ்னியின் டொனால்ட் வாத்துச் சித்திரக் கதைகளை ஆராய்ந்து எழுதிய நூல் இத்தீர்ப்புக்கு வலுவூட்டிற்று. அந்நூலின் பெரும்பகுதியை நாமும் ஏற்கிறோம். ஆயினும், ஒரு பாத்திரத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மக்கள் நேசித்து வந்துள்ளனரெனின், அந்நேசம் முழுவதையும் ஏமாளித்தனமென்று ஒதுக்குவது விமர்சனமாகாது. அது மக்களை மதியாமையேயாகும்.

எலியின் பிறப்பே ஓர் உடைமைத் தகராற்றில் நிகழ்ந்தது. ஒஸ்வால்ட் என்னும் முயலைப் படங்களில் உலவவிட்ட வோல்ட் டிஸ்னிக்கு அதன்மீது உரிமை இருக்கவில்லை. 1928 இல் விநியோகத்தரோடு ஏற்பட்ட பிணக்கில் முயலும் கைவிட்டுப் போயிற்று. ஓவியர் பலரும் பிரிந்து போயினர். உடன் நின்ற அப் ஐவர்க்ஸ் வரைந்த உருவமே மிக்கி. தலை ஒரு வட்டம், காதுகள் இரு வட்டங்கள். விரைந்து வரைய வேண்டிய தொழிற்கூடத்தின் தேவையே அந்த எளிய அழகைப் பெற்றெடுத்தது.

1928 நவம்பர் 18 அன்று நியூயோர்க்கில் திரையிடப்பட்ட ‘ஸ்டீம்போட் வில்லி’யை இன்று பார்ப்போர் வியப்படைவர். அதில் மிக்கி ஒரு படகுக் கூலியாள். சுக்கானைப் பிடித்துச் சீட்டியடித்து மகிழ்கையில், பருத்த தலைவன் பீட் வந்து விரட்டுகிறான். மாட்டின் பற்களும் சட்டி பானைகளும் எலியின் கையில் வாத்தியங்களாகின்றன; விலங்குகளை அது வதைக்கவுஞ் செய்கிறது. இறுதியில் தண்டனையாக உருளைக்கிழங்கு சீவ நேர்கிறது. தன்னைப் பரிகசிக்கும் கிளிமீது ஒரு கிழங்கை வீசியெறிந்துவிட்டு எலி சிரிக்கிறது. கதை அவ்வளவே. வேலைத்தலத்தில் அதட்டப்படுவோன் அகப்பட்டதையெல்லாம் இசையாக்கும் இக்குறும்பு, அடுத்த ஆண்டே பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த இலட்சக்கணக்கானோர்க்கு அந்நியமாகத் தோன்றியிருக்க முடியாது. பார்ப்போர் தம் வாழ்வையே இப்படங்களில் இனங்காண்கின்றனர் என்று வோல்ட்டர் பெஞ்சமின் 1931 இல் குறித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

புகழ் வளர வளர எலி அடக்கப்பட்டது. 1929 இல் வெள்ளைக் கையுறை வந்தது. பெற்றோர் சிலரின் முறைப்பாட்டால் குறும்புங் குறைந்தது. கோபமும் முரட்டுத்தனமும் 1934 இல் தோன்றிய டொனால்டிடம் ஒப்படைக்கப்பட்டன. பத்திரிகைச் சித்திரக் கதையிலோ எலி நெடுநாள் துணிவோடு வாழ்ந்தது. 1935 இல் வந்த ஒரு கதையில் அது பத்திரிகையாசிரியனாகி, ஊழல் அரசியல்வாதிகளையும் பணம்பறிக்குங் கூட்டத்தையும் எதிர்க்கிறது. 1930 முதல் 1975 வரை அதனை வரைந்தவர் ஃபிளொய்ட் கொட்ஃப்ரெட்சன். ஆனால் வாசகர் கண்டதோ டிஸ்னியின் கையொப்பம் மட்டுமே! 1947 வரை எலிக்குக் குரல் கொடுத்தவர் டிஸ்னியே என்பதை நாம் மறுக்கவில்லை. குரல் அவருடையது, கைகள் பிறருடையவை.

அக்கைகள் 1941 மே மாதத்தில் வேலைநிறுத்தஞ் செய்தன. சங்கத்தை ஆதரித்த ஆர்ட் பபிட் போன்ற கலைஞர் நீக்கப்பட்டமையே உடனடிக் காரணம். கோடுகளுக்கு மையிட்டு வர்ணந் தீட்டிய பெண்கள் பெற்ற ஊதியமோ அற்பம். தாம் உயிரூட்டிய பாத்திரங்களையே பதாகைகளில் வரைந்து வாயிலில் நின்றனர் தொழிலாளர். சங்கம் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் 1947 இல் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுமுன் தோன்றிய டிஸ்னி, அப்போராட்டத்தைக் கம்யூனிஸ்டுகளின் சூழ்ச்சியெனச் சாட்சியங் கூறினார்.

பின்னர் எலி சட்டத்தின் காவலில் வாழ்ந்தது. பதிப்புரிமையை மேலும் 20 ஆண்டுகள் நீட்டிய 1998 ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக முயன்றோருள் டிஸ்னி நிறுவனமும் ஒன்று. 95 ஆண்டுகள் நிறைவுற்று, 2024 ஜனவரி முதலாந் திகதி ‘ஸ்டீம்போட் வில்லி’ அமெரிக்காவில் பொதுவுடைமையாயிற்று. வணிகச் சின்னமென்ற வேலி இன்னும் உளது. பின்வந்த திருத்திய உருவங்கள் பலவும் நிறுவனத்தின் கையிலேயே உள்ளன. முதலில் விடுதலை பெற்றது கையுறை அணியாத அந்தப் படகுக் கூலியாளே. அவனை வைத்து இதுவரை கொலைப்படங்களே பெரிதும் எடுக்கப்பட்டுள்ளன என்பது வேறு கதை. மாணவர்க்கு அப்படத்தைத் திரையிட்டுக் காட்டுவதற்கு ஆசிரியர்கள் இனி எவரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை.