உறையில் அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க பென்சில் செல்கள் நான்கைச் சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்திற்காக வாங்கினேன். உறையில் ‘2700 மில்லி ஆம்பியர்-மணி’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கடையில் இருந்தவற்றுள் அதுவே பெரிய எண். ஆகவே அதையே தேர்ந்தெடுத்தேன். முழுமையாக மின்னேற்றி அலமாரியில் வைத்துவிட்டுக் கோடை விடுமுறைக்குச் சென்றோம். திரும்பி வந்து இணைத்தபோது விளக்கின் இழை இலேசாகச் சிவந்ததே தவிர, ஒளி வரவில்லை.

உறையில் இருந்த எண் பொய்யா? பொய்யன்று, ஆனால் பாதி உண்மை. குடத்தின் கொள்ளளவைச் சொன்னவர்கள், அதில் ஓட்டை இருப்பதைச் சொல்லவில்லை.

2700 மில்லி ஆம்பியர்-மணி என்றால், 270 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமார் பத்து மணி நேரம் தரும் என்று பொருள். இது மின்னேற்றம் முடிந்த சிறிது நேரத்திற்குள் அளக்கப்படுவது. ஏற்றிய மின்னூட்டம் எத்தனை நாள் தங்கும்? எத்தனை முறை மின்னேற்றலாம்? உழைப்பைத் தீர்மானிப்பவை இவ்விரு வினாக்களே. இவற்றிற்கு அந்த உறையில் விடை இல்லை.

இவை நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகைச் செல்கள். இரு மின்வாய்களுக்கும் இடையே ஒரு பிரிப்புத் தாள் உண்டு. பழைய முறையில் இது நைலானால் ஆனது. காரக் கரைசலில் நைலான் மெல்லச் சிதைந்து நைட்ரஜன் சேர்மங்களைத் தருகிறது. இவை ஒரு மின்வாயில் ஆக்சிஜனேற்றமும் மற்றதில் ஒடுக்கமும் அடைந்து மாறி மாறிப் போய்வருகின்றன. இதனால் வெளிச்சுற்று இல்லாமலேயே மின்னூட்டம் கரைகிறது. சாதாரணச் செல் முதல் மாதத்திலேயே கால் பங்கு வரை இழந்துவிடும்.

பிரிப்புத் தாளையும் உலோகக் கலவையையும் மாற்றியமைத்து, 2005-இல் சான்யோ நிறுவனம் ஜப்பானில் ‘எனலூப்’ என்ற செல்லை வெளியிட்டது. ஓராண்டுக்குப் பின்னும் 85 விழுக்காடு மின்னூட்டம் தங்கும் என்று அது அறிவித்தது. பின்னர் வேறு நிறுவனங்களும் இவ்வகைச் செல்களைச் செய்தன.

பெரிய எண்ணுக்கு மற்றொரு விலையும் உண்டு. செல்லின் அளவு மாறாதது. அதனுள் கூடுதல் வேதிப்பொருளைத் திணித்தால் பிரிப்புத் தாள் மெலிய வேண்டும், ஆயுள் குறையும். எனலூப் வரிசையில் வந்த இரு செல்களைப் பாருங்கள். ஒன்று குறைந்தது 1900 மில்லி ஆம்பியர்-மணி. 2100 முறை மின்னேற்றலாம் என்பது அறிவிப்பு. மற்றொன்று 2500, ஆனால் 500 முறைதான். பெருக்கிப் பார்த்தால் முதலாவது வாழ்நாளில் 3990 ஆம்பியர்-மணியும், இரண்டாவது 1250 ஆம்பியர்-மணியும் தரும். நாளடைவில் கொள்ளளவு குறையுமாதலால் இவை மேல்வரம்புகளே. எனினும் சிறிய எண் மும்மடங்கிற்கு மேல் உழைக்கிறது!

உழைப்பைக் குறிப்பிடும் நிறுவனங்களிடமும் ஒரு குறை உண்டு. மின்னூட்டம் தங்கும் அளவை அவர்கள் கணிப்பது 20 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு. நம் ஊர் மே மாதத்தில் பூட்டிய அறை அப்படியா இருக்கிறது? வெப்பம் ஏற ஏற மின்னூட்டம் விரைவாகக் கரையும். 35 பாகையில் எவ்வளவு தங்கும் என்பதையும் உறையில் அச்சிட்டால் நம் மக்களுக்குப் பயன்படும்.

பெரிய எண்ணே வேண்டாம் என்பதன்று என் கருத்து. இன்று ஏற்றி இன்றே செலவழிக்கும் புகைப்படக் கருவியின் ஒளிவீச்சு விளக்குக்கு அது ஏற்றதே. சுவர்க் கடிகாரத்திற்கோ சாதாரணத் துத்தநாகச் செல்லே போதும். என்றோ ஒருநாள் மின்வெட்டில் தேவைப்படும் கைவிளக்குக்கு, மின்னேற்றிய நிலையிலேயே விற்கப்படும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் பெரிய எண்ணைக் காட்டும்போது, “எத்தனை மாதம் தங்கும்? எத்தனை முறை ஏற்றலாம்?” என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்விகள் அவை.