மைதானத்தில் மக்கள்: இரு திரைப்படங்களை முன்வைத்துச் சில கருத்துகள்

நாம் ‘மைதானம்’ என்கிறோம். உக்ரேனியர் ‘மைதான்’ என்கின்றனர். இரண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள். அரபு, பாரசீக மொழிகளின் வழியே கிழக்கிலும் மேற்கிலும் பரவிய அச்சொல், நம்மிடையே பிள்ளைகள் விளையாடும் வெளியைக் குறித்து நிற்கிறது. உக்ரேனின் தலைநகரான கீவிலோ அது ஒரு மக்கள் எழுச்சியின் பெயராகவே ஆகிவிட்டது. 2013 நவம்பர் முதல் 2014 பெப்ரவரி வரை நீடித்த அந்த எழுச்சியைப் பொருளாகக் கொண்டு பல படைப்புகள் தோன்றியுள்ளன. அவற்றுள் உலகின் கவனத்தைப் பெற்றவை இரண்டு: செர்கெய் லோஸ்னித்சாவின் ‘மைதான்’ (2014), எவ்கெனி அஃபினீவ்ஸ்கியின் ‘விண்டர் ஒன் ஃபயர்’ (2015). ஒரே சதுக்கம், ஒரே மாரிகாலம், ஒரே மக்கள். ஆயினும் இரு படங்களும் காட்டும் மக்கள் ஒருவரல்லர். இந்த வேறுபாடு எங்கிருந்து எழுகிறது என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகொள்வோம். 2013 நவம்பர் 21ஆந் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்துடனான இணைவு ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் முயற்சியை யனுகோவிச் அரசாங்கம் இடைநிறுத்தியது. மாணவரும் இளைஞரும் சதுக்கத்திற் கூடினர். நவம்பர் 30ஆந் தேதி விடியற்பொழுதில் ‘பெர்க்குட்’ என்னும் சிறப்புப் பொலிஸ் படை அவர்களை அடித்து நொறுக்கியது. அதுவரை ஒப்பந்தத்தைப் பற்றியதாயிருந்த போராட்டம், அந்தத் தடியடியோடு மனித மானத்தைப் பற்றியதாக மாறியது. பிள்ளைகள் அடிபட்டதைக் கண்டு பெற்றோர் வந்தனர். பெற்றோரைப் பின்தொடர்ந்து ஊரே வந்தது. 2014 ஜனவரி 16ஆந் தேதி கூட்டங்களை ஒடுக்கும் சட்டங்கள் நிறைவேறின. ஜனவரி 22இல் முதற் பிணங்கள் வீழ்ந்தன. பெப்ரவரி 18 முதல் 20 வரையான மூன்று நாட்கள் இரத்தத்தில் தோய்ந்தன. எழுச்சியில் மாண்டோர் தொகை நூற்றை எட்டியது; பொலிசாரிலும் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சனாதிபதி தலைநகரைவிட்டு ஓடினார்.

லோஸ்னித்சாவின் படத்திற் கதாநாயகன் இல்லை, பேட்டி இல்லை, விளக்கிச் சொல்லும் குரலும் இல்லை. ஓரிடத்தில் நிலையாக நிறுத்தப்பட்ட கமரா, அகன்ற சட்டகத்தினூடே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தேநீர் ஊற்றுகின்றனர், ரொட்டி வெட்டுகின்றனர், கைப்பற்றிய மண்டபங்களின் தரையில் உறங்குகின்றனர், மேடையில் யாரோ பாடுகிறார். பின்னர் அதே கூட்டம் வீதிக் கற்களைப் பெயர்த்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசெல்கிறது. சமையலுக்கு வரிசையாய் நின்ற கைகளே தடையரணுக்கும் வரிசையாய் நிற்கின்றன. போராட்டம் என்பது முதலில் உழைப்பு என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே.

அஃபினீவ்ஸ்கியின் முறை வேறு. அவர் முகங்களைத் தேடுகிறார். தொண்ணூற்று மூன்று நாட்களின் கதையை அதில் வாழ்ந்தோரின் வாயாலேயே சொல்லவைக்கிறார். மாணவர், மதகுரு, கலைஞர், வைத்தியர், சிறுவன் ஒருவன் எனப் பலரும் பேசுகின்றனர். லோஸ்னித்சாவிடம் கூட்டத்துள் கரைந்துபோகும் மனிதன் இங்கே பெயரும் கண்ணீரும் பெறுகிறான். ஆனால் படம் நம்மைச் சிந்திக்க விடுவதில்லை. இசை முந்திக்கொண்டு உருகுகிறது. வெட்டுகள் விரைந்து துரத்துகின்றன. ஒரு பக்கம் முழு ஒளி, மறுபக்கம் முழு இருள். மனிதரைத் தனித்தனியே அறியச் செய்த படம், வரலாற்றை மட்டும் ஒரு நீதிக்கதையாகச் சுருக்கிவிடுகிறது.

இவ்விரு படங்களையும் உரைத்துப் பார்க்க ஒரு கட்டளைக்கல் உண்டு. அந்த எழுச்சியில் தாமாக வந்து பணிபுரிந்த வைத்தியர், தாதியர், மருத்துவ மாணவர் ஆகியோரையே குறிக்கிறோம்.

அவர்கள் ஏன் தேவைப்பட்டனர்? நகரில் வைத்தியசாலைகள் இல்லாமலா? இருந்தன, ஆனால் காயப்பட்டோர் அங்கே போக அஞ்சினர். 2014 ஜனவரி 21ஆந் தேதி, கண்ணிற் காயம்பட்ட ஒருவரும் அவரை அழைத்துச்சென்ற தோழரும் வைத்தியசாலையிலிருந்தே கடத்தப்பட்டனர். காயம்பட்டவர் பின்னர் நகருக்கு வெளியே பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். நோயாளியின் கட்டிலே பொறியாகிவிட்ட நாட்டில், மக்கள் தமக்கென மருத்துவ நிலையங்களை அமைத்துக்கொண்டனர். தொழிற்சங்க மாளிகையில் ஒன்று. புனித மிக்கேல் மடாலயத்தில் ஒன்று. மருந்தும் பஞ்சும் பொதுமக்கள் கொண்டுவந்து குவித்தவை. பெப்ரவரி 18ஆந் தேதி இரவு தொழிற்சங்க மாளிகை தீக்கிரையாயிற்று. 20ஆந் தேதி, சதுக்கத்தை நோக்கி நின்ற உக்ரேன் ஹோட்டலின் முன்மண்டபமே சத்திரசிகிச்சைக் கூடமாகவும் பிணவறையாகவும் ஆயிற்று. செஞ்சிலுவை அடையாளம் அணிந்தோரும் சுடப்பட்டனர். கழுத்திற் குண்டு பாய்ந்த ஓர் இளம் பெண் தொண்டர், தாம் சாவதாக இணையத்தில் எழுதிய சில சொற்கள் உலகெங்கும் பரவின. அவர் உயிர் பிழைத்தார்.

அரசு என்னும் நிறுவனம் தன் குடிமகனின் புண்ணுக்குக் கட்டுப்போடும் கடமையைக் கைவிட்ட இடத்தில், குடிமக்கள் அக்கடமையைத் தாமே மேற்கொண்டனர். எழுச்சியின் மிக ஆழமான அரசியல் இங்கேதான் இருக்கிறது. மேடைப் பேச்சுகளில் அன்று. லோஸ்னித்சா இதை ஓசையாகப் பதிவுசெய்கிறார். வைத்தியர்களை அழைக்கும் ஒலிபெருக்கியின் குரல், முகமற்ற கூட்டத்தின் மேல் மிதந்துவருகிறது. அஃபினீவ்ஸ்கி இதை வாக்குமூலமாகப் பதிவுசெய்கிறார். முன்னவரிடம் பணி தெரிகிறது, பணியாளர் தெரியவில்லை. பின்னவரிடம் பணியாளர் தெரிகிறார், அவரை அங்கே கொண்டுவந்த சமூகக் காரணம் தெரியவில்லை.

அந்தக் காரணத்தை இருவருமே தொடவில்லை என்பதே நமது முதன்மையான குறை. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின், உக்ரேனின் உருக்காலைகளும் சுரங்கங்களும் ஒரு சில செல்வக்கோமான்களின் கைகளிற் சிக்கின. மக்களின் சினம் ஒரு சனாதிபதியின் மீது மாத்திரம் எழுந்ததன்று; கொள்ளையே ஆட்சிமுறையாகிவிட்ட வாழ்வின் மீது எழுந்தது. ஆயினும் 2014 மே மாதத் தேர்தலில் வென்றவர் பெத்ரோ பொரோஷென்கோ என்னும் சொக்கலேற் தொழிலதிபர். குருதி சிந்தியவர் ஒருவர். கதிரையில் அமர்ந்தவர் இன்னொருவர். இந்த முரண்பாட்டின் வித்து சதுக்கத்திலேயே இருந்தது. அதைக் காணாத கலை, மக்களைப் போற்றலாம், அவர்களுக்கு உதவாது.

இன்னொன்றும் கூற வேண்டும். சதுக்கத்தில் ‘ஸ்வபோதா’, ‘வலது பிரிவு’ போன்ற தீவிர தேசியவாத அமைப்புகளும் இருந்தன. முன்வரிசை மோதல்களில் அவற்றின் பங்கு சிறிதன்று. ‘விண்டர் ஒன் ஃபயர்’ இதனை ஏறக்குறைய மறைத்தே விடுகிறது. மறைப்பது மக்களுக்குச் செய்யும் உபகாரமன்று; எதிரியின் கையில் ஆயுதம் கொடுப்பதேயாகும். முழு எழுச்சியும் அந்நியச் சதி என்றும் பாசிசம் என்றும் பிரசாரம் செய்தோர்க்கு இத்தகைய மௌனங்களே வாய்ப்பாயின.

இவ்விடத்தில் இடதுசாரி அன்பர்களோடும் நாம் சிறிது வாதாட வேண்டியிருக்கிறது. கீவில் 2013 டிசம்பரில் லெனின் சிலை வீழ்த்தப்பட்டதைக் கண்டதும் அந்த மக்களையே நிராகரித்துவிட்டவர் நம்மிற் பலர். சிலைக்காக வருந்துவோர், மாணவன் மண்டை உடைந்ததற்காக முதலில் வருந்தியிருக்க வேண்டாமா? மேற்கு நாடுகள் அவ்வெழுச்சியைத் தம் நலனுக்குப் பயன்படுத்த முனைந்தன என்பது மெய். அதனால் பனியில் நின்ற தாதி கூலிக்கு வந்தவள் ஆகிவிடுவாளா? வல்லரசுகளின் கணக்கை மட்டுமே படித்து மக்களின் கணக்கை மறப்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதம் அன்று. அது ராஜதந்திரிகளின் நோய். அதேபோல், 2014 மே 2ஆந் தேதி ஒடெசா நகரின் தொழிற்சங்க மாளிகையில் தீயில் மாண்ட, மைதானை எதிர்த்தோருக்காகவும் வருந்தத் தெரியாதவர் மானத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கின்றார்.

2014இல் கிரிமியாவை ருஷ்யா கைப்பற்றியது. கிழக்கில் போர் மூண்டது. 2022 பெப்ரவரி 24ஆந் தேதி பெரும் படையெடுப்பு நிகழ்ந்தது. சதுக்கத்திற் கட்டுப்போடக் கற்ற கைகளுட் பல போர்முனைக்குச் சென்றன. இன்று அப்படங்களை மீண்டும் பார்ப்போர்க்கு அவற்றின் முடிவு முடிவாகத் தோன்றாது.

எனவே நமது தீர்ப்பு இது: கலைநேர்மையில் லோஸ்னித்சாவின் படம் உயர்ந்தது. ஏனெனில் அது பார்ப்பவனை நம்புகிறது. மனிதநெருக்கத்தில் அஃபினீவ்ஸ்கியின் படம் பயனுடையது. ஏனெனில் அது பேசாதவரைப் பேசவைக்கிறது. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து மாணவர்க்குக் காட்டலாம்; காட்டியபின், காயத்துக்குக் கட்டுப்போட்டவர் யார், காயப்படுத்தியவர் யார், இறுதியில் இலாபம் பெற்றவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கலாம். முதலிரண்டுக்கும் படங்கள் விடை தருகின்றன. மூன்றாவதற்கு விடை தரும் படைப்பு இனித்தான் பிறக்க வேண்டும்; அதைக் கோரும் உரிமை, மாண்டவர்களின் பேரால் நமக்கு உண்டு.